ரஹீம் மாடியில் விளைந்த குளிர்

சென்ற ஆண்டு அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள், பட்டப்பகலில், தண்டையார்பேட்டை ரஹீம் வீட்டு மொட்டைமாடியில் மட்டும் பனி பெய்தது. ஊரெங்கும் நாற்பத்திரண்டு டிகிரி. அந்த மாடியில் பதினேழு. காரணம் உருளைக்கிழங்கு.

ரஹீமுக்கு ராயபுரத்தில் பிங்கர் சிப்ஸ் வண்டி. சந்தையில் கிடைக்கும் உருண்டைக் கிழங்கை எப்படி வெட்டினாலும் சிப்ஸ் சுண்டுவிரல் நீளத்தைத் தாண்டவில்லை. எதிரே கண்ணாடிக் கதவு போட்டுப் புதிதாக வந்த சிப்ஸ் கடையில் சாண் நீளம் கொடுத்தார்கள். கூட்டம் மொத்தமும் அங்கே போய்விட்டது. வண்டியை விற்றுவிடலாமா என்று நொந்துகிடந்தவருக்கு, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தோஸ்து பெனிட்டோ, ஊட்டியிலிருந்து ஒரு கூடை ரஸ்ஸெட் ரக விதைக்கிழங்கும் ஒரு துண்டுத்தாளும் வாங்கிவந்து கொடுத்தார். நீளக் கிழங்கு, சொரசொரத்த பழுப்புத் தோல், எண்ணெய் அதிகம் குடிக்காது, முதிர நூற்றிருபது நாள் என்றது தாள். இரவு பதினெட்டு டிகிரியைத் தாண்டினால் கிழங்கு பிடிக்காது என்றும் சொன்னது.

வேறு யாராவது அந்தக் கடைசி வரியைப் படித்திருந்தால் கூடையைக் குழம்புக்கு அனுப்பியிருப்பார்கள். ரஹீம் பெண்ணெடுத்தது மீன் வந்திறங்கும் காசிமேட்டில். மீனுக்குச் செய்வதைக் கிழங்குக்குச் செய்தால் போயிற்று என்று, தை மாதத்தில் நாற்பது சாக்கில் மண் நிரப்பி விதைத்து, சுற்றிலும் உடைத்த மீன் ஐஸைக் கொட்டினார். முளைத்த பிறகும் கொட்டினார். ஒருநாள் ஐஸ் வண்டி வரவில்லை. பழகிய சுகத்தை விட மனமில்லாத செடிகள் குளிரைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டன.

வெயில் ஏற ஏறத் தெருவே மாடி ஏறியது. பக்கத்து வீட்டுச் செல்வம் ஸ்வெட்டரும் கேரம் போர்டுமாக வந்தார். கீழ்வீட்டு வேம்பு, வேர்க்குருவால் மூன்று நாளாகத் தூங்காத கைக்குழந்தையைச் சாக்குகளுக்கு நடுவே கிடத்தினாள். குழந்தை குறட்டை விட்டது.

நூற்றைந்தாம் நாள் வந்தது பேஜாரு. முதிரப் பதினைந்து நாள் இருக்கும்போதே தழையை அறுத்தால்தான் தோல் கெட்டிப்பட்டு, கிழங்கு மாதக்கணக்கில் தாங்கும் என்றிருந்தது தாளின் பின்பக்கம். தழை போனால் குளிரும் போகும். ரஹீம் அரிவாளோடு மாடியேறினார்.

"இன்னா மாமு, நம்ம தெரு குளுர அறுக்கப் போறியா?" என்றார் செல்வம்.

"வண்டி சும்மா நின்னுகினு கீது. கெயங்கு அழுவிப்போனா நீயா சோறு போடுவ?"

மனைவி ஜெரினா குழந்தையைக் காட்டினாள். "அறுங்க. மொதல்ல அத்த எழுப்பிட்டு அறுங்க."

ரஹீம் பார்த்தார். குழந்தையின் முதுகில் ஒரு வேர்க்குரு கூட இல்லை. மனசு இளகிவிட்டது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு கேரம் ஆட உட்கார்ந்தார், அதிலும் தோற்றார்.

ஆனியில் முதல் மழைக்குத்தான் தழை வாடியது. அதுவரை சும்மா இராத கிழங்குகள் முழ நீளத்துக்கு வளர்ந்திருந்தன. தோல் தொட்டாலே உரிந்தது. இரண்டு நாளுக்குமேல் தாங்காது. தெருவே வண்டியைச் சுற்றி உட்கார்ந்து உரித்துக் கொடுத்தது. ஒரு சிப்ஸை இருமுனையிலும் இரண்டு பேர் பிடித்துக் கடித்தார்கள். லேசாக வஞ்சிரம் வாசனை; ராயபுரத்தில் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. கண்ணாடிக் கடைக்காரரும் வரிசையில் நின்றார்.

இந்தத் தை மாதம், ரஹீம் கேட்காமலேயே, வீட்டுக்கு ஒரு சாக்கு மண் மாடி ஏறியது. வேம்பு மட்டும் இரண்டு கொண்டுவந்தாள். அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள்.