பத்துக் காம்பராவின் குளிர்

1969ஆம் ஆண்டு ஆடி மாதம், இலங்கையில் பூனாகலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்து அறைகள் ஒரே வரிசையாக ஒட்டி நின்ற ஆறாம் லயத்தின் முதல் காம்பராவில் குடியிருந்த குளிர், சுவர் ஏறி இரண்டாம் காம்பராவுக்குக் குடிபோனது. அந்த வாரம் வெலிமடை முட்டைக்கோவா மலிவாக இருந்தது. அந்த லயம் இப்போது இல்லை. அதில் இருந்தவர்களில் பலரும் இல்லை. ஆகவே விறகுக்கட்டு ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

முதல் காம்பராவில் இராக்கம்மா தனியாக இருந்தாள். புருஷன் செத்து மூன்று வருடம். கிழமை முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிய மலைகளில் மிலாறு பொறுக்குவாள். காய்ந்த தேயிலைக் குச்சிக்கு அங்கே அதுதான் பெயர். வாரத்துக்கு ஒரு கட்டு எரித்தும் காம்பரா சூடாகவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். பத்துக் காம்பராக்களுக்கும் நடுவிலிருந்த சுவர்கள் கூரைவரை போகவில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அந்த வழியே கருவாட்டு வாசம் போகும், புருஷன் பெண்டாட்டி சண்டை போகும், சூடும் போகும். அவள் தேயிலை ஸ்டோரில் உடைந்த பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பலகையால் இடைவெளியை அடைத்தாள். பெட்டிக்குள் இருந்த ஈயத்தாளைப் பளபளப்பு கீழே பார்க்கக் கூரைக்கு அடியில் கட்டி, தாளுக்கும் தகரத்துக்கும் நடுவில் காய்ந்த மானாப்புல்லைத் திணித்தாள். ஒரே தீயில் இரண்டு சட்டி கொதிக்கும்படி களிமண்ணில் கொடியடுப்பு போட்டாள். அதன்பின் மாதத்துக்கு ஒரு கட்டு போதுமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கினாள்.

இரண்டாம் காம்பராக்காரர்கள் ஒரே இரவில் இரண்டு வீட்டுக் குளிரில் விறைத்துப்போய், காலையில் ஸ்டோருக்குப் பெட்டி கேட்டுப் போனார்கள். குளிர் மூன்றாவதுக்குப் போனது. இப்படி ஐப்பசி முடிவதற்குள் ஒன்பது காம்பராவும் பலகையும் ஈயத்தாளுமாக மினுங்கின. ஐந்தாம் காம்பரா அழகர் கங்காணி, ஸ்டோரில் நல்ல பெட்டியாகவே நான்கை உடைந்ததென்று எழுதி வாங்கிக்கொண்டார். ஒன்பது வீட்டுக் குளிரும் பத்தாவதில் போய்ச் சேர்ந்தது. அதற்கு அப்பால் காம்பரா இல்லை. குளிருக்கு உருவம் கிடையாது, ஆனால் உட்கார்ந்த இடம் தெரியும். தரையில் விரித்த சாக்கு அந்த அளவுக்கு நனைந்திருக்கும். பத்தாவதிலும் பலகை அடித்துப் பார்த்தார்கள். வாசலைத் திறந்து வெளியே விரட்டியும் பார்த்தார்கள். அது படிவரை போய்த் திரும்பி வந்தது. பண்டாரவளையிலிருந்து மாதம் இருமுறை துணிமூட்டையோடு வரும் இத்ரூஸ் நானா அதைப் பார்த்துவிட்டு, "வெளியே மழைதானே புள்ள, அதுக்கும் குளிராதா?" என்றார். மறுமுறை வரும்போது ஒரு கூடை மீனும் கொண்டுவந்து பத்தாம் காம்பராவில் வைத்தார். பதினொரு நாள் கழித்து எடுத்தபோது மீன் கண் சிவக்கவில்லை.

பத்தாம் காம்பராவில் இருந்தவர்கள் கவ்வாத்துக்காரன் சிவஞானமும் அவன் மனைவி பெரியாயியும். பெரியாயி முந்திய வருடங்களில் இரண்டு பிள்ளை பெற்றிருந்தாள். இரண்டும் மார்கழிப் பனியில் மார்ச்சளி கண்டு, முப்பது நாளைத் தாண்டாமல் போய்விட்டன. மூன்றாவது தை மாதம் பிறக்க இருந்தது. கார்த்திகையில் ஒருநாள் குடத்துத் தண்ணீரில் ஆடை போலப் பனி உறைந்திருப்பதைக் கண்டு, சிவஞானம் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு முதல் காம்பராவுக்குப் போனான்.

"அக்கா, ஒங்க பலகையப் பேத்துப் போடப்போறேன்."

"பேத்துக்க தம்பி," என்றாள் இராக்கம்மா. "பொறகு பத்து வூடும் வெறகுக்கு மலையில கெடக்கட்டும். வயித்தோட ஒம் பொஞ்சாதியும் வருவா."

அதற்குள் லயமே கூடிவிட்டது. பெரியாயி மெதுவாக நடந்து வந்து, வெட்ட வேண்டாம் என்று புருஷன் கையைப் பிடித்தாள். "எம்புள்ள பொறந்து முப்பது நாளு தாண்டுற வரைக்கும் இந்தக் குளுர ஆளுக்கொரு நாளு வச்சுக்குங்க. பொறகு நானே வச்சுக்கிறேன்."

"குளுரு என்ன சாமியா, மொற போட்டு வச்சுக் கும்புட?" என்றார் அழகர் கங்காணி.

"சாமி வருசத்துக்கு ஒருவாட்டிதான் வருது கங்காணியாரே. இது தெனமும் வருது."

மாரியம்மன் திருவிழாவுக்கு ஆளுக்கொரு நாள் ஏற்பது போலவே தண்ணீர் பிடிக்கும் பீலிச் சுவரில் கரிக்கட்டியால் ஒன்பது பெயர் எழுதினார்கள். முறைக்காரர் சாயந்தரம் பலகையில் ஒன்றைக் கழற்றிவிட்டால் குளிர் வந்து இறங்கும். அன்று அந்த வீட்டார் அடுத்த வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே கம்பளிக்குள் படுத்துக்கொண்டார்கள். சண்டைக்காரர்கள்கூட இதனால் ஒருவர் சட்டியில் ஒருவர் கைவைத்தார்கள். "இன்னைக்கு யாரு வூட்ல?" என்று காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கேட்டால் வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

தை பிறந்து ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, முறை அழகர் கங்காணியுடையது. அன்று அவர் மகளைப் பெண் பார்க்க வெலிமடையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பந்தியில் குளிரை எப்படி உட்காரவைப்பது என்று அவர் பலகையைக் கழற்றவில்லை. முந்தின நாள் முறைக்காரர்கள் தங்கள் பலகையை மாட்டிவிட்டார்கள். இடமில்லாத குளிர் தகரத்துக்கு மேலே ஊர்ந்து பத்தாவதை நோக்கிப் போனது. அந்த நேரத்தில்தான் பெரியாயிக்கு வலி கண்டது.

மருத்துவிச்சி கொதிக்கவைத்த வெந்நீர் கைவைப்பதற்குள் ஆறியது. மூன்று முறை ஆறியது. பெரியாயி கூரையைப் பார்த்து, "வந்துருச்சுங்க," என்று மட்டும் சொன்னாள். சிவஞானம் ஒவ்வொரு கதவாகத் தட்டினான். சிலர் யோசித்தார்கள்; சிலர் நாளைக்கு என்றார்கள். இராக்கம்மா தன் முறையை முடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. யாரும் கேட்காமலே பத்தாம் காம்பரா வாசலில் போய் நின்று, "வா, எங்கூட வா. இங்க ஒனக்கு எடமில்ல," என்றாள். பிறகு கன்றுக்குட்டியைக் கூட்டிப்போவது போலத் திரும்பிப் பார்க்காமல் வாசல் வழியே நடந்தாள். ஐந்தாம் காம்பராவைக் கடக்கையில் விருந்தாளிகளின் தேத்தண்ணீர் ஆறிப்போனது. மாப்பிள்ளையின் தகப்பன், "பரவாயில்லையே, நல்ல காத்தோட்டமான வூடு," என்றார். சம்பந்தம் முடிவாயிற்று.

பொழுது விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் கங்காணி வெட்கப்பட்டுப் பலகையைக் கழற்றிவைத்துக் காத்திருந்தார். இராக்கம்மா கொடுக்கவில்லை. முப்பது நாளும் தானே வைத்துக்கொண்டாள். தனியாள் வீடு, பேச்சுத்துணையும் ஆயிற்று என்றாள். முப்பத்தோராம் நாள் பெரியாயி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, சொன்ன வாக்குப்படி குளிரைக் கேட்டு வந்தாள். இராக்கம்மா குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. "போடி, எனக்குப் பழகிப்போச்சு," என்றாள்.

அதன்பின் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது. லயத்தில் நான்கு குடும்பங்கள் இந்தியாவுக்குப் போயின. மீதிப் பேர் மாதம் ஒரு கட்டு மிலாற்றில் சமைத்தார்கள். பெரியாயியின் மகள் பள்ளிக்கூடம் போனாள். 1981இல் குடிசன மதிப்பீட்டுக்கு வந்த ஆசிரியர் முதல் காம்பராவில் எத்தனை பேர் என்று கேட்டார். இராக்கம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ரெண்டு பேருங்க," என்றாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், இரண்டு என்று எழுதினார்.