இரண்டாவது ஆசிப் பாட்டு

மைக்கின் உயரத்தைத் தனக்குத் தோதாக இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஆரோக்கியம்மாளிடம் அந்தச் சேதி வந்தது. சுதந்திர தின விழா மேடை. மலைக்கோட்டைக்குப் பின்னால் வெயில் சரிந்துகொண்டிருந்தது. மெல்லிசைக் குழுவை நடத்தும் ரங்கசாமி கீபோர்டை விட்டு எழுந்து வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிள்ளையார் பாட்டு ஒன்று போதுமாம். மற்ற இரண்டும் வேண்டாமாம். நேரே தேசபக்திப் பாட்டுக்குப் போய்விட வேண்டுமாம். தெருச் சங்கத்தின் செயலாளர் விக்னேஷ்குமார் சொல்லி அனுப்பியிருந்தான்.

மூன்று மதத்துச் சாமிகளிடமும் ஆசி கேட்டுவிட்டு மற்ற பாட்டுகளைத் தொடங்குவது மெல்லிசைக் கச்சேரிகளில் உள்ள வழக்கம்தான். ரங்கசாமி குழுவில் கூடுதலாக ஒன்று உண்டு. அவரவர் சாமியை அவரவர் பாடக் கூடாது. பிள்ளையாரைப் பாடுவது ஆரோக்கியம்மாள். அல்லாவைப் பாடுவது தோலக் வாசிக்கும் முருகேசன். மாதாவைப் பாடிவந்தவள் மஹ்ஜபீன். தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் அவளுக்குக் குரல் திரும்பவில்லை. இன்று அவள் மகள் ரஃபியா முதன்முதலாகப் பாட இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரனுக்காக அவன் சாமியிடமே போய்க் கேட்பதைவிட நல்ல ஜெபம் கிடையாது என்பது ஆரோக்கியம்மாளின் நம்பிக்கை.

மூன்று வாரம் ஆரோக்கியம்மாள் வீட்டு அடுப்படியில் நின்று பழகிய பாட்டு. இப்போது ரஃபியா நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் மஹ்ஜபீன், ஒன்றும் தெரியாமல், பக்கத்திலிருந்தவளிடம் மகளைக் கைகாட்டிச் சிரித்தாள்.

"அடுத்த வருசமும் கூப்புடணும்ல, ஆரோக்கியம்" என்றார் ரங்கசாமி.

பிள்ளையாரை அவள் குறை வைக்காமல் பாடினாள். இந்த நாட்டுக்கு நல்ல புத்தியைக் கொடு சாமி என்று மனசார வேண்டிக்கொண்டாள். கைதட்டல் அடங்குமுன் மைக்கைக் கழற்றி ரஃபியாவின் கையில் திணித்தாள்.

விக்னேஷ்குமார் மேடைப்படி ஏறி வந்துவிட்டான். "ஏன்க்கா, ஒங்ககிட்ட சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க தம்பி."

"புள்ளையார் பாட்டு பிரமாதம். அதோட விட வேண்டியதுதான?"

"பாடுனவ வேதக்காரி. இந்தா, கழுத்துல செபமால கெடக்கு. எங்க வாயால கேட்ட ஆசி ஒங்களுக்கு ஆகும்னா, இந்தப் புள்ள வாயால கேக்குறது எங்களுக்கும் ஆகும். ஆகாதுன்னா சொல்லுங்க, நான் பாடுனதத் திருப்பி எடுத்துக்கிறேன்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் முகம் கறுத்து இறங்கிப் போனான். ரங்கசாமி கீபோர்டில் விரல்களை வைத்து, மாதா பாட்டின் சுருதியைப் பிடித்தார்.

ரஃபியா இரண்டு வரி பாடியிருப்பாள். ஸ்பீக்கர்கள் செத்தன. கீபோர்டும் ஊமையானது. சவுண்டு செட்காரர் பக்கத்தில் விக்னேஷ்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ரஃபியா பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள்.

"பாடு புள்ள. மாதாவுக்கு மைக்கு வேணாம்" என்றாள் ஆரோக்கியம்மாள்.

முருகேசன் உள்ளங்கையால் தோலக்கை மெல்லத் தொட்டுக் கொடுத்தான். வெறுங்குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. தெருமுனையில் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். அதில் கட்டியிருந்த சலங்கையின் சத்தம் அடங்கியது. பாதி நசுங்கிய கரும்பு உருளைகளுக்கு நடுவே அப்படியே நிற்க, பின்வரிசைக்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓசைப்படாமல் முன்னால் வரத் தொடங்கினார்கள்.