வாரியா, போறியா

இன்பராஜுக்கு மிளகாய் வத்தல் ஆகாது. யாராவது மூட்டையின் வாயைப் பிரித்தால் போதும், தெருமுனையில் நிற்பவன் தும்ம ஆரம்பித்துவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு, அருப்புக்கோட்டையில் வத்தல் மண்டி வைத்திருந்த நல்லகண்ணு தன் ஒரே மகள் கஸ்தூரியைக் கட்டிக்கொடுத்தார். தாலி கட்டும்போதே மாமனார் சட்டை நெடிக்கு ஏழு தும்மல் போட்டான். நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

மண்டியில் உட்காராமல் தப்பிக்கத்தான் பழைய லாரி ஒன்றை வாங்கினான். கிராமங்களிலிருந்து மண்டிக்குச் சரக்கு ஏற்றி வருவது வேலை. ஓடுகிற லாரியில் மூட்டை பின்னால் இருக்கும், காற்று முன்னாலிருந்து வரும். மூக்குக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு பரளச்சி என்ற ஊரின் கரிசலில் இருந்தது. வெயிலில் பாறையாகக் கிடக்கும் மண், ஒரு மழை பெய்தால் களியாகிவிடும். சக்கரம் களியில் வெறுமனே சுற்றும். திடீரென்று அடியில் கெட்டித் தரை பிடிக்கும். 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்கும். பின் ஆக்ஸில் ராடு இரண்டாகியிருக்கும். பக்கத்துக் காட்டில் உழுகிற தவசி என்ற சம்சாரி மாடு பூட்டி இழுத்துவிடுவார். அந்த வருஷம் மூன்று ராடு ஒடிந்தது.

மூன்றாவது ஒடிந்த அன்று நல்லகண்ணு அமைதியாகச் சொன்னார்.

"இன்னொண்ணு ஒடிஞ்சா லாரியக் குடுத்துருவோம் மாப்ளே. மண்டியில என் பக்கத்துல உக்காந்துக்கிருங்க. எனக்கும் வயசாகுதுல்ல."

இன்பராஜ் அதைக் கேட்டே இரண்டு தும்மல் போட்டான்.

மறுநாளே பட்டறை ராஜகுருவை இழுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இரண்டு தடவை தவறியவர்கள். பழைய இரும்புக் கடையில் மூன்று ஆக்ஸில் கிடந்தன. முதலாவது பளபளவென்று இருந்தது. ராஜகுரு ஸ்பானரால் தட்டிப் பார்த்தான்.

"பெயிண்டு நல்லாருக்கு. வேற ஒண்ணுமில்ல."

இரண்டாவது, லாரியில் ஏற்கெனவே இருந்த ரகம். மூன்றாவது ஏதோ மிலிட்டரி வண்டியிலிருந்து கழற்றியது. எருமைக் கிடா மாதிரி கிடந்தது. ராஜகுரு அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, நம்ம வண்டியில அந்த ராடுதான் பாரத்தையும் சொமக்குது, சக்கரத்தையும் சுத்துது. மூட்டையத் தலையில ஏத்திவிட்டு, அப்பிடியே கரகமும் ஆடுன்னா கால் ஒடியாம என்ன செய்யும்? இதுல பாரத்த வெளிக்கூடு வாங்கிக்கிடும். உள்ள இருக்க ராடு சுத்துனாப் போதும்."

வாங்கினார்கள். அதோடு விட்டிருக்கலாம். ராஜகுருவுக்கு ஆசை விடவில்லை. கூட்டுக்கு இன்னும் பலம் வேண்டும் என்று, அடிவயிற்றில் ஒரு கனத்த இரும்புப் பட்டையை வைத்து வெல்டிங் அடித்தான். அது போதாது என்று முதுகிலும் ஒன்று அடித்தான். இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. ஆக்ஸில் அகலமாக இருந்ததால் ஸ்பிரிங் பட்டை உட்காரும் மேடைகளையும் வெட்டியெடுத்து, மேலே தெரிந்த பக்கத்தில் புதிதாக ஒட்டினான். பூட்டியபின் பார்த்தால் உச்சியிலேயே ஒரு ஓட்டை, எண்ணெய் ஊற்ற வசதியாக.

"மிலிட்டரிக்காரன் மூளையே மூளை" என்று சொல்லி ஊற்றினான். அடியில் ஒரு பொடி ஓட்டை வழியாக எண்ணெய் சொட்டியது. "இதுதான் அவன் விட்ட தப்பு" என்று வேப்பங்குச்சியைச் சீவி அடைத்தான்.

ஜாக்கியில் தூக்கி ஓட்டிப் பார்த்தார்கள். நாலு கியரிலும் சக்கரம் ஜோராகச் சுற்றியது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளோட்டத்துக்கு நல்லகண்ணுவே வந்தார். பரளச்சியில் நாற்பது மூட்டை வத்தல் வெட்டவெளியில் கிடந்தது. முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது, வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. பட்டறை வாசலிலேயே சூடம் காட்டி, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இன்பராஜ் முதல் கியரைப் போட்டான். லாரி பின்னால் போனது. பழங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.

"என்ன மாப்ளே, ரிவர்ஸா?"

"இல்ல மாமா. ஒண்ணாம் கியரு."

இரண்டாவதைப் போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கடைசியில் ரிவர்ஸைப் போட்டான். லாரி மெல்ல முன்னால் நகர்ந்து நாலு பழத்தையும் நசுக்கியது.

ராஜகுரு வண்டிக்கு அடியில் போனான். வெகுநேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

"தலகீழாப் பூட்டிட்டோம்லே. எண்ணெ வடிக்கிற ஓட்டையிலதான் ஊத்திருக்கோம், அதான் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுத்துது."

"மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு நாளு."

நல்லகண்ணு வானத்தைப் பார்த்தார். "மாட்டுவண்டிக்குச் சொல்லிவிடுவோம். நீங்க மண்டிக்கு வாங்க மாப்ளே."

இன்பராஜ் இறங்கவில்லை. "ஆக்ஸில் ஒடியக்கூடாதுன்னுதான மாமா சொன்னீக? எந்தப் பக்கம் பாத்துப் போகணும்னு சொல்லலையே."

நல்லகண்ணு வியாபாரி. சொன்ன சொல்லை மனதுக்குள் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். அதில் திசை இல்லைதான். வேட்டியை மடித்துக் கட்டினார்.

ரிவர்ஸில் முன்னால் ஊர்ந்து போனால் மழை முந்திவிடும் என்று லாரியைப் பின்பக்கமாகவே விட்டார்கள். கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி ஓட்டினாலும் இன்பராஜுக்குப் பாதி ரோடுதான் தெரிந்தது. அதனால் மாமனார் லாரியின் கடைசியில், வால் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"எடது பக்கம் ஆடு. வலது பக்கம் ஒண்ணுமில்ல. முன்னாடி ஒரு சைக்கிளு. எனக்கு முன்னாடி மாப்ளே, ஒங்களுக்குப் பின்னாடி."

ஊர் தாண்டியதும் ஒரு பஸ் பின்தொடர்ந்து வந்தது. லாரியின் முகம் தன்னைப் பார்த்து இருப்பதைக் கண்ட டிரைவர், எதிரே வருகிறது என்று ஓரம் கட்டி நிறுத்தினார். லாரி வரவில்லை, சிறிதாகிக்கொண்டே போனது. மறுபடி கிளம்பினார். மறுபடியும் அதே முகம். மறுபடி ஓரம் கட்டினார். மூன்றாம் முறை பயணிகள் சத்தம் போட்டபிறகு, பக்கத்தில் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஏலே, நீ வாரியா, போறியா?"

பதில் கடைசியிலிருந்து வந்தது. "போய்க்கிட்டே வாரோம். நீங்க முன்னாடி போங்க."

"எது முன்னாடி?" என்றார் கண்டக்டர்.

பரளச்சியில் தவசி மாடுகளைப் பூட்டித் தயாராக வைத்திருந்தார். "வாங்க மொதலாளி. மாட்டக் குளுப்பாட்டி வச்சிருக்கேன்."

மூட்டை ஏறியது. இன்பராஜ் முதல் கியரைப் போட்டான். பத்தடி போனதும் சக்கரங்கள் களியில் இறங்கின. அப்போதுதான் காற்று அடித்தது. பின்னோக்கிப் போகிற லாரியில் மூட்டைதான் முன்னால். நாற்பது மூட்டை வத்தலின் தூசியும் நேராக அவன் மூக்குக்கு வந்தது.

முதல் தும்மலில் கால் கிளட்சிலிருந்து எகிறியது. லாரி குதித்தது. பழைய ராடாக இருந்தால் அந்த ஒரு குதிக்கே போயிருக்கும். இரண்டாவது தும்மல், மூன்றாவது தும்மல். மாமனார் காதைப் பொத்திக்கொண்டு 'டப்'புக்காகக் காத்திருந்தார். தவசி மாடுகளை அவிழ்ப்பதா வேண்டாமா என்று கயிற்றைப் பிடித்தபடி நின்றார். ஒன்பதாவது தும்மலுக்கு லாரி ஒரே தாவாகத் தாவிக் கெட்டித் தரையில் போய் நின்றது. மாமனார் மூட்டைமேல் விழுந்து எழுந்தார். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

"குளுப்பாட்டுனது வீணாப் போச்சு" என்றார் தவசி.

திரும்பி வரும்போது இன்பராஜ் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, எண்ண முடியாத அளவுக்குத் தும்மினான். லாரி ஊருக்குள் குதித்துக் குதித்துப் பின்பக்கமாக நுழைந்தது. கடைவீதியில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். உச்சியில் தலைப்பாகையோடு நின்ற நல்லகண்ணு, எதிரே வந்த வண்டிகளையெல்லாம் கையாட்டி ஒதுக்கினார். தெரிந்தவர்களுக்குக் கும்பிடும் போட்டார்.

மண்டி வாசலில் ராஜகுரு ஜாக்கியோடு காத்திருந்தான். அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஒரு கீறல்கூட இல்ல. நாளைக்கே கழட்டித் திருப்பிருவோம் மொதலாளி."

நல்லகண்ணு தலைப்பாகையை அவிழ்க்கவில்லை. "அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்ப்பா. நாளைக்கு வீரசோழன் கிராமத்துல லோடு இருக்கு. கடைசியில நின்னு சொல்றதுக்கு நான் போகணும்."

இன்பராஜ் மூக்கில் கட்டிய துண்டை இன்னும் இறுக்கினான். ஆக்ஸில் ஒடியவில்லை, லாரி தப்பித்தாயிற்று. ஆனால் மாமனார் தினம் லாரியில் நின்றால், காலியாகிற இடத்துக்கு ஆள் தேடுவார்கள். துண்டை இறக்காமலே கேட்டான்.

"அப்ப மண்டியில யாரு மாமா இருக்கது?"

காலையிலிருந்து அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து வத்தலை ஒடித்து ஒடித்துப் பார்த்து விலை சொல்லிக்கொண்டிருந்த கஸ்தூரி, தலையை நிமிர்த்தவில்லை.

"இப்ப யாரு இருக்காளாம்?" என்றாள்.