என்ஜினின் பங்கு

பருத்தித்துறைக் கடலில் பாரைமீன் பிடிபடத் தொடங்கி மூன்று நாள். கரையில் ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. அப்படிப்பட்ட காலையில்தானா சயந்தனின் படகை இன்னொரு படகு கட்டி இழுத்துவர வேண்டும்! என்ஜின் நின்றுவிட்டது. திருத்துகிறவன் திறந்து பார்த்துவிட்டு, "இனி இதுக்குச் சீவனில்லை அண்ணை" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

சயந்தனின் மனைவி சுவர்ணா நாளை எண்ணிப் பார்த்தாள். பாரை மிஞ்சிப்போனால் இன்னும் ஒரு கிழமை, ஏழெட்டு நாள், நிற்கும். அதற்குள் வேறு என்ஜின் பூட்ட வழியில்லாதவர்கள் மீன் வாங்கி விற்கிற ஆழ்வாப்பிள்ளை முதலாளியிடம்தான் போவார்கள். அவர் சிரித்த முகத்தோடு கடன் தருவார். பிறகு கடன் முடியுமட்டும் பிடிக்கிற மீனெல்லாம் அவருக்குத்தான், அவர் சொன்ன விலைக்கு. அந்தக் கடன் முடிந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

மனுசனுக்கு எப்படித்தான் மணக்குமோ, அதற்குள் முதலாளி வந்து நின்றார். "யோசிக்காதை தம்பி. பின்னேரமே புதுசு பூட்டலாம்."

சயந்தன் தலையாட்டப் போனான்.

"பொறுங்கோ," என்றாள் சுவர்ணா. "என்ஜினின்ரை காசு வங்கியிலை கிடக்கு."

மீன் விற்ற காசைப் பிரிக்கும்போது ஆட்களுக்குப் போடுவதுபோல என்ஜினுக்கும் ஒரு பங்கு போடுவது அந்தக் கரையின் வழக்கம். என்ஜினின் சொந்தக்காரர் அதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்று தீர்ப்பதும் வழக்கம்தான். இரண்டு வருசத்துக்கு முன் சுவர்ணா அதை மறித்து, என்ஜினின் பங்குக்கென்று தனி வங்கிப் புத்தகம் திறந்தாள்.

"என்ஜின் என்ன புட்டே தின்னுது, பங்கு வைக்க?" என்று அப்போது சயந்தன் நக்கலடித்தான்.

"தேயுதெல்லே," என்றாள் அவள்.

போன தைப்பொங்கலுக்கு அந்தக் காசில் மோட்டார்சைக்கிள் கேட்டான். முடியாது என்றதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். இப்போது புத்தகத்தை வாங்கி இரண்டு தரம் பார்த்தான். ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கிடந்தது. மத்தியானமே ஓட்டோவில் புது என்ஜின் வந்து இறங்கியது. முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அடுத்த நாள் விடிய, படகு விளிம்பு முட்டப் பாரையோடு வந்தது. கரையில் ஏலம் தொடங்கியது.

"கிலோ ஆயிரம்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவரிடம் கடன்பட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். கொழும்பு லொறிக்காரர் நூறு கூட்டினார். இன்னொருவர் ஐம்பது. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போனார். ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்கு லொறிக்காரர் அள்ளிக்கொண்டு போனார். சுவர்ணாவுக்குக் கூவவேண்டும் போலிருந்தது.

சயந்தன் மணலில் குந்தியிருந்து பங்கு பிரித்தான். அவள் பக்கத்தில் போய் மெல்லக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, என்ஜின் புதுசுதானே. இந்தமுறை அந்தப் பங்கிலை வீட்டுக்கு ஏதும் வாங்குவமே?"

சயந்தன் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்ஜினின் பங்கை முதலில் எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டான்.

"விசர்க்கதை கதையாதை. அது தேயுதெல்லே."