முகத்துவாரம் திறந்த நாள்

மறுப்புச் சொல்லிவிட்டு வருவதற்காகத்தான் ஹேமலதா அந்தப் பயணத்துக்கே ஒப்புக்கொண்டாள்.

பாலாறு கடலில் சேரும் முகத்துவாரத்தைச் சீர்படுத்த, அங்குள்ள மீனவ ஊர்கள் விவசாயிகளோடு சேர்ந்து ஒரு கூட்டமைப்பு நடத்திவந்தன. அலையாத்திச் செடிகள் நட்டார்கள், மண்மேடிட்ட கால்வாய்களைத் தோண்டினார்கள். முதல் கட்ட வேலை முடிந்தது. இனி என்ன செய்வது என்று திட்டம் போட உட்கார்ந்தபோது, ஆறு வருகிற வழியில் இருப்பவர்களையும் சேர்க்காமல் கரையில் மட்டும் பாடுபட்டுப் பயனில்லை என்று பேச்சு வந்தது. ஆரணிப் பட்டுச் சாயப்பட்டறைச் சங்கத்துக்கு அழைப்பு வந்தது அப்படித்தான்.

சங்கத் தலைவர் ஜெகநாதனுக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னிக்கி கூப்ட்டு காப்பி குடுப்பாங்க, நாளைக்கி உங்க சாயத்தண்ணியாலதான் எல்லாம் போச்சும்பாங்க. எதுக்குமா இந்தப் பேஜாரு? நீ போய் மரியாதையா, நாங்க வரலன்னு சொல்லிட்டு வந்துடு" என்றார்.

வேறு யாரும் போக முன்வராததால் அது ஹேமலதாவின் தலையில் விழுந்தது. கணவர் இறந்தபின் பட்டறையைத் தனியாக நடத்துகிறவள் அவள். பேசத் தெரிந்தவள் என்று பெயர்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த வாரம் அது. செய்யாறு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று பஸ் மாறி மாறிப் போனாள். கமண்டல நாகநதி செய்யாற்றில் சேரும், செய்யாறு பாலாற்றில் சேரும், பாலாறு கடலுக்குப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் ஆரணிப் பாலத்துக்கடியில் கிடக்கும் மணலையும் சீமைக்கருவேலத்தையும் பார்த்தே வளர்ந்தவளுக்கு, அந்த ஆறு எங்கேயாவது போய்ச் சேரும் என்பது ஒருநாளும் மனதில் உறைத்ததில்லை.

கூட்டமைப்பின் பொறுப்பாளர் மதிவதனி அவளைக் கூட்டம் நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போகாமல் நேராகக் கடற்கரைக்கே கூட்டிப்போனாள். "கூட்டம் அப்புறந்தாங்க. எல்லாரும் அங்கதான் இருக்காங்க. வெள்ளம் கடல்ல இறங்க இன்னிக்கி ஆத்து வாய் வெட்றாங்க."

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு படுத்துக்கிடந்தது. இந்தப் பக்கம் ஏரிபோலத் தேங்கி நின்ற செம்பழுப்பு வெள்ளம், அந்தப் பக்கம் அலை. வீரபாகு என்ற மீனவரும் இன்னும் பலரும் மண்வெட்டிகளோடு திட்டின் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி மண்ணை எடுத்ததும் தண்ணீர் ஒரு விரல் தடிமனுக்கு நழுவியது. வயலுக்கு மடை திறந்த மாதிரிதான் இருந்தது. இதற்கா இத்தனை பேர் என்று நினைத்தாள் ஹேமலதா.

"பின்னால வந்துடுங்கம்மா, ஜல்தி" என்றார் வீரபாகு.

அவள் நின்ற இடத்துக்கு முன்னால் மணல் பாளம் பாளமாகச் சரிந்தது. விரல் தடிமன் ஓடையானது, ஓடை ஆறானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கரையில் நின்றவர்கள் கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டார்கள். தேங்கி நின்ற அத்தனை வெள்ளமும் எழுந்து நடப்பதுபோலக் கடலுக்குள் இறங்கியது. கடல் சும்மா இருக்கவில்லை. ஒரு பேரலை எதிரே வந்து மோதியது. இரண்டு நிறத் தண்ணீரும் ஒன்றை ஒன்று தூக்கி நிறுத்தின. அந்தச் சத்தம் காதில் விழவில்லை, காலடி வழியாக நெஞ்சுக்குள் ஏறியது. நுரைக்குள் மீன்கள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளின. எங்கிருந்தோ பறவைகள் வானம் தெரியாமல் வந்து கவிந்தன.

அருகில் நின்ற பெண்கள் கும்பிட்டார்கள். ஹேமலதாவின் கைகளும் தாமாகக் குவிந்தன. ஜவ்வாது மலையில் பெய்த மழை இது. ஆரணியைத் தொட்டுக்கொண்டு வந்த தண்ணீர். தன் பட்டறைப் பின்வாசலில் இத்தனை வருடம் ஊற்றிய சாயத்தண்ணீரும் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த இடத்தை விட்டு நகரவும் மனம் வரவில்லை.

மாலைக் கூட்டத்தில் அவள் முறை வந்தது. தயாரித்து வந்த பேச்சை விட்டுவிட்டாள்.

"சேர்றோம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லீங்க. சேரலன்னு சொல்லத்தான் அனுப்பினாங்க. அதயும் இப்ப என்னால சொல்ல முடியல. அடுத்த கூட்டத்த ஆரணியில வைங்க" என்றாள்.

ஊர் திரும்பியதும் ஜெகநாதன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் வருகிறவர்களை வராதே என்று சொல்வது முறையில்லை என்பதால், தை மாதம் ஒரு அரிசி ஆலையின் களத்தில் ஷாமியானா போட்டார்கள். வீரபாகுவும் ஊர்க்காரர்களும் வேனில் வந்து இறங்கினார்கள். முதலில் ஹேமலதாவின் பட்டறைக்குப் போனார்கள். கொதிக்கும் தொட்டியில் வெளுத்த பட்டு நூல்கண்டு இறங்கி, அரக்குச் சிவப்பாக எழுந்து வந்ததை வீரபாகு தொட்டியருகே குனிந்து பார்த்தார். "இன்னொரு தபா காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

கூட்டத்தில் ஜெகநாதன் சுற்றி வளைக்காமல் கேட்டார். "எங்களால உங்களுக்கு இன்னா கெட்டுப்போச்சு? அத்த சொல்லுங்க."

"தெரியாதுங்க" என்றார் வீரபாகு. "எது உங்க தண்ணி, எது அடுத்தவங்க தண்ணின்னு பிரிச்சி சொல்ல எங்களால ஆவாது. அங்க வந்து சேர்றப்போ எல்லாம் ஒண்ணாத்தான் வருது. குத்தம் சொல்ல வரலீங்க. கூட இருங்கன்னு கேக்க வந்தோம்."

சண்டைக்குத் தயாராக வந்திருந்த ஜெகநாதன் உட்கார்ந்துவிட்டார். சாயக்கழிவை எல்லோருமாகச் சேர்ந்து சுத்திகரிக்கும் பேச்சை ஹேமலதா எடுத்தாள். பாதிப்பேர் கை தூக்கினார்கள், மீதிப்பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மதிவதனி ஆலைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தில், கூட்டமைப்பின் எல்லையாகக் கடலிலிருந்து வந்த நீலக்கோட்டை ஆரணிவரை இழுத்து நிறுத்தினாள்.

ஜெகநாதன் எழுந்து வரைபடத்தின் அருகே போனார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா இங்கயே நிறுத்திட்ட?" என்றார். "ஆறு நம்ம ஊர்லயா பொறக்குது? மலைக்காரங்களயும் கூப்புடு."