வ என்றால் வடக்கு

புகை வந்தால் அதற்கு ஜலஜாதான் காரணம். டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் அந்த வீட்டில் நவம்பர் மாதமே முடிவாகிவிட்ட விஷயம் அது. விறகு ஈரமாக இருந்தால் ஜலஜா அதை ஒழுங்காக மூடி வைக்கவில்லை. காய்ந்திருந்தால் ஜலஜாவுக்கு அடுக்கத் தெரியவில்லை. இரண்டும் சரியாக இருந்துவிட்டால், அடுப்புக் கதவை அவசரப்பட்டுத் திறந்திருப்பாள். அவள் கணவர் ராமசுப்ரமணியன் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் மேனேஜர். அங்கே எது கெட்டுப்போனாலும் ‘ரூட் காஸ்’, அதாவது மூல காரணம், கண்டுபிடிக்க நாலு மீட்டிங் போடுவாராம். வீட்டில் மீட்டிங்குக்கு அவசியமே இருக்கவில்லை. ரூட்டும் ஜலஜா, காஸும் ஜலஜா.

அந்த விறகு அடுப்பு வந்ததே ஒரு பயத்தில். பனிப்புயலில் டெக்சாஸ் முழுக்கக் கரண்ட் போன அந்தப் பிப்ரவரியில் மூன்று நாள் ஒரே அறையில், இருக்கிற ஜாக்கெட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஷ்ரேயாவுக்கு அப்போது பதினொரு வயது. இனி கரண்டை நம்பி இருக்கப்போவதில்லை என்று அன்றைக்கே சபதம் செய்தார் ராமசுப்ரமணியன். நாலு வருஷம் யோசித்து, போன கோடையில் வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்றை வாங்கி வந்தார்.

ஹாலில் நடுச்சுவர் ஓரம் வைக்கலாம், குழாய் நேராக உச்சிக் கூரை வழியாகப் போய்விடும் என்றாள் ஜலஜா. அவள் சொன்னது காற்றோடு போயிற்று. கோபாலசாமி அங்கிள் வந்தார். ரிட்டயர் ஆன பிறகு நண்பர்கள் வீடுகளுக்கெல்லாம் போனில் காம்பஸ் வைத்து வாஸ்து பார்ப்பவர்.

“அக்னி மூலைம்மா. தென்கிழக்கு. நெருப்பை வேற எங்க வெச்சாலும் வீட்ல சண்டைதான்” என்றார்.

அந்த வீட்டின் முன்பகுதி, அதாவது வடக்குப் பக்கம், இரண்டு மாடி. பின்னால் தென்கிழக்கில் ஒரு சின்ன சாப்பாட்டு அறை, ஒரே தளம், தாழ்ந்த கூரை. அதன் மேல், இரண்டு மாடிச் சுவரின் காலடியில், சிம்னிக் குழாய் குட்டையாக எட்டிப் பார்த்தது. அக்னி பகவான் அவருக்குரிய மூலையில் அமர்ந்துவிட்டார். சண்டையும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

தேங்க்ஸ்கிவிங் அன்று கோபாலசாமி அங்கிளும் அவர் மனைவி வசந்தாமணி ஆண்டியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அடுப்பு திடீரென்று இருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டு, அறை முழுக்கப் புகையைக் கக்கியது.

“ஜலஜாவுக்கு பட்டனைத் திருப்பினா எரியற அடுப்புதான் பழக்கம். இதுக்கெல்லாம் கொஞ்சம் மூளையை யூஸ் பண்ணணும்” என்றார் ராமசுப்ரமணியன். அத்தனை பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தார்கள். புகையைச் சாக்கு வைத்து ஜலஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஷ்ரேயா மட்டும் சிரிக்கவில்லை. “டாட், யூ லிட் இட் டுடே” என்றாள்.

உண்மைதான். அன்றைக்குப் பற்ற வைத்தது அவர்தான். அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஜலஜா மகளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“நாலு பேர் முன்னாடி அப்பாவை எதிர்த்துப் பேசக் கூடாது.”

“பட் இட்ஸ் ட்ரூ.”

“நெஜமா இருந்தாலும் கூடாது.”

பெண் புத்திசாலி, ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. டிசம்பரில் ஒரு நாள் புகை வந்தபோது, ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமலே, “மாம், ஜஸ்ட் டூ இட் த வே டாட் செஸ்” என்றாள். ஜலஜாவுக்குச் சுருக்கென்றது. இவர் சொல்லிவிட்டுப் போகட்டும், இருபது வருஷமாகக் கேட்டுப் பழகிய காது. அம்மா ஒன்றும் தெரியாதவள் என்று இந்தப் பெண்ணும் நம்பிக்கொண்டு வளர்வதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. ஷ்ரேயா ஒருத்திக்காவது உண்மை தெரிந்தாக வேண்டும்.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. அடுப்பு தினமும் புகைவதில்லை. சில நாள் சாதுவாக எரியும், சில நாள் பேய் பிடித்த மாதிரி ஆடும். அவளோ தினமும் ஒரே மாதிரிதான் பற்ற வைத்தாள். இந்தியன் ஸ்டோரில் இலவசமாகக் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று அடுப்பு இருந்த அறையில் தொங்கியது. புகை வந்த நாள்களில் போனில் காற்றின் திசையைப் பார்த்து, ராகுகாலத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஓர் எழுத்துப் போட்டு வைத்தாள். ‘வ’. வடக்கு. டிசம்பர் கடைசிக்குள் பதினொரு சிவப்பு எழுத்துகள் சேர்ந்தன. பதினொன்றும் ‘வ’. தெற்குக் காற்று அடித்த நாள்களில் ஒரு பொட்டுப் புகை கிடையாது. ஆனால் டெக்சாஸில் குளிரே வடக்கிலிருந்துதானே வருகிறது? நெருப்பு வேண்டாத நாளில் அடுப்பு தங்கமாக எரிந்தது, வேண்டிய நாளில் கழுத்தை அறுத்தது.

இன்னொன்றும் செய்து பார்த்தாள். பற்ற வைக்கும் முன் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, திறந்த அடுப்பின் வாயருகே பிடித்தாள். தெற்குக் காற்று நாளில் ஊதுபத்திப் புகை அடுப்புக்குள் போயிற்று. வடக்குக் காற்று நாளில் அவள் முகத்துக்குத் திரும்பி வந்தது. அதைப் பார்த்த ராமசுப்ரமணியன், “என்ன, அடுப்புக்குப் பூஜையா?” என்றார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வீட்டில் விஷவாயு சேர்ந்தால் கத்துகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஷ்ரேயாவைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள் ஜலஜா. பெண்ணுக்கு அன்று முழுக்கத் தலைவலி. சாயங்காலம் பார்த்தால் அலாரத்தில் பேட்டரியைக் காணோம்.

“ஓவர் சென்ஸிடிவா இருக்கு அது. ஒரு மெயில் கூட நிம்மதியா டைப் பண்ண முடியல” என்றார் ராமசுப்ரமணியன்.

ஜலஜா பேட்டரியைத் தேடி எடுத்துத் திரும்பப் போட்டாள். அப்புறம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவரைக் கேட்காமல் ஒரு வேலைக்கு ஆளைக் கூப்பிட்டாள்.

வந்தவர் பெயர் வெஸ்லி. அறுபது வயதிருக்கும், முழங்கால் இரண்டும் தேய்ந்த பேன்ட், சிம்னி வேலையில் முப்பது வருஷ அனுபவம். ராமசுப்ரமணியன் மாடியில் கான்பரன்ஸ் காலில் இருந்தார். விடுமுறையில் இருந்த ஷ்ரேயா, பொழுதுபோகாமல் வந்து நின்றாள். வெஸ்லி பையிலிருந்து பென்சில் போன்ற ஒன்றை எடுத்துப் பற்ற வைத்தார். அதிலிருந்து மெல்லிய புகை வந்தது. எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத்தான் என்றார். ஜலஜா தயங்கித் தயங்கி ஊதுபத்திப் பாக்கெட்டைக் காட்டினாள். அவர் வாங்கி முகர்ந்து பார்த்து, உங்களுடையது வாசனையாக இருக்கிறதே என்று சிரித்தார். காலண்டரைக் காட்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இந்தச் சிவப்பு எழுத்து என்ன என்று கேட்டார். “வ. நார்த்” என்றாள் ஜலஜா. பதினொன்றையும் விரல் வைத்து எண்ணினார். பிறகு கூரைமேல் ஏறிப் போய், இறங்கி வந்து, ஷ்ரேயாவிடம்தான் சொன்னார். வடக்குக் காற்று அந்த இரண்டு மாடிச் சுவரைத் தாண்டி ஏறி, இந்தப் பக்கம் தலைகுப்புற விழுகிறது. விழுகிற இடத்தில் இந்தக் குட்டைக் குழாய் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, காற்று உள்ளே இறங்கிப் புகையைக் கீழே தள்ளுகிறது. யார் பற்ற வைத்தாலும் இப்படித்தான். உன் அம்மா என் வேலையில் பாதியைச் செய்து வைத்திருக்கிறார்.

ஷ்ரேயா அந்தக் காலண்டரை ரொம்ப நேரம் பார்த்தாள். “மாம், யூ வேர் ரைட் ஆல் அலாங்” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் இரண்டு மாதம் புகை குடிக்கவும் ஜலஜா தயாராக இருந்தாள்.

கான்பரன்ஸ் கால் முடிந்து ராமசுப்ரமணியன் இறங்கி வந்தார். அடுப்பை நடுச்சுவருக்கு மாற்றுவதுதான் நல்லது, இந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தது என்று வெஸ்லி கேட்டார். “கான்ட்ராக்டர்” என்றார் ராமசுப்ரமணியன், கண்ணை இமைக்காமல். ஜலஜா தரையைப் பார்த்தாள். ஆனால் அக்னி மூலையை விட்டு அடுப்பை நகர்த்த அவர் சம்மதிக்கவில்லை. அதனால் குழாயை நன்றாக உயர்த்திக் கம்பி போட்டுக் கட்டி, உச்சியில் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும் ஒரு மூடியை மாட்டினார் வெஸ்லி. போகும்போது காலண்டரைத் தட்டி, இதைப் பத்திரமாக வைத்திருங்கள் என்றார்.

பொங்கலன்று நல்ல வடக்குக் காற்று. பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அடுப்பு சத்தமில்லாமல் எரிந்தது. எல்லோரும் தட்டோடு அதைச் சுற்றி நின்றார்கள்.

“எப்படி சரி பண்ணீங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

அதற்காகவே காத்திருந்தவர்போல் ராமசுப்ரமணியன் உள்ளே போய், பழைய காலண்டரைக் கொண்டு வந்து விரித்தார்.

“எதுக்குமே டேட்டா வேணும் சார். விறகு, காத்தை அட்ஜஸ்ட் பண்ற டேம்பர் எல்லாத்தையும் எலிமினேட் பண்ணிட்டேன். அப்புறம் டெய்லி ட்ராக் பண்ணதுல விண்டுதான் ரூட் காஸ்னு தெரிஞ்சுது. ஜலஜா நம்பவே இல்ல. ஊதுபத்தி கொளுத்திட்டு இருந்தா.”

சிரிப்பு. கோபாலசாமி அங்கிள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். “இது என்னப்பா, செவப்புல ‘வ’?”

ராமசுப்ரமணியன் ஒரு விநாடி விழித்தார். அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதே இல்லை.

“வாயு” என்றார்.

“ஆகா!” என்றார் அங்கிள். “அக்னிக்கும் வாயுவுக்கும் ஆகலை! நான் அன்னைக்கே மூலை பார்க்கும்போது நெனச்சேன்.”

ஷ்ரேயா நிமிர்ந்தாள். ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவள், துணைக்கால் போட்ட எழுத்துக்கும் போடாததற்கும் வித்தியாசம் தெரியும். “டாட், தட்ஸ் நாட் ‘வா’. இட்ஸ் ‘வ’. மாம் ரோட் இட்...”

ஜலஜாவின் கை மகளின் தோளை அழுத்தியது. கண்ணால் ஓர் அதட்டல் போட்டாள். யோசித்துச் செய்ததில்லை. சூடான பாத்திரத்திலிருந்து கை விலகுவதுபோல் தானாக நடந்துவிட்டது. நடந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. கையை எடுத்தாள். ஷ்ரேயா வாயை மூடிக்கொண்டுவிட்டாள்.

“என்னடா கண்ணா?” என்றார் ராமசுப்ரமணியன்.

“நத்திங்.”

வசந்தாமணி ஆண்டி ஜலஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “குடுத்து வெச்சவ நீ. எதையும் தானே இழுத்துப் போட்டுண்டு செய்யற ஆம்பளை எத்தனை பேருக்கு அமையும், சொல்லு?”

“ஆமா ஆண்டி” என்றாள் ஜலஜா. “இன்னும் கொஞ்சம் பொங்கல் போடட்டுமா?”

காலித் தட்டோடு ஷ்ரேயா அவளைத் தாண்டிப் போனாள். ஒரு கணம் நின்றாள். எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லும் பெண், தெளிவான தமிழில், அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“நெஜமா இருந்தாலும் கூடாது, இல்லம்மா?”

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஜலஜா கரண்டியும் கையுமாக அடுப்பெதிரே நின்றாள். கண் எரிந்தது. சாக்குச் சொல்ல ஒரு பொட்டுப் புகை கூட அறையில் இல்லை.