நாலு தேதிகள்

கட்டிலின் தலைமாட்டில் ஏணியைப் போட்டு மகன் ஏறியதும் சித்தப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? உன் தங்கச்சி வந்துசேர சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் அண்ணன் உடம்பு இந்தக் குளிர்லதான் இருக்கணும். நல்லா ஓடுற ஏசியை எதுக்குக் கழட்டுற?"

"அரை மணி நேரம், சித்தப்பா."

தூசி விழாமலிருக்க அப்பாவின் முகத்தில் ஏற்கனவே ஒரு துண்டைப் போட்டிருந்தான்.

ஊரில் பாதி வீட்டு ஏசிகளுக்கு அவன்தான் மெக்கானிக். யார் வீட்டில் பூஞ்சை வாடை என்றாலும் மறுநாளே போய் நிற்பான். சொந்த வீடென்றால் மட்டும், நம்ம வீடுதானே, அடுத்த வாரம். அந்த அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் வராது என்பது அந்தப் பாவிக்குத் தெரியாதா என்ன!

வேலை முடிந்ததும் ஏசியின் பக்கவாட்டில் ஒட்டிய அட்டையில் தேதி எழுதுவது அவன் தொழில் பழக்கம். "வாடை அடிக்குதுடா" என்று அப்பா சொல்லும்போதெல்லாம், வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அட்டையில் தேதியை எழுதிவிடுவான். நாலு தேதிகள். நாலும் பொய்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "நெஞ்சுல பூஞ்சை பிடிச்சிருக்கு. வீட்டு ஏசியைச் சுத்தம் பண்றீங்களா?"

அப்பா இருமலுக்கு நடுவே சிரித்தார். "என் பையனே ஏசி மெக்கானிக்கு, டாக்டர். தேதி போட்டு அட்டையே ஒட்டி வச்சிருக்கான்."

மகன் வாயைத் திறக்கவில்லை. அப்பா வீடு திரும்புவதற்குள் கழுவிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். இன்று காலைதான் திரும்பினார், இப்படி.

ஏசியின் அடியில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, மூடியைக் கழற்றினான். காற்று தள்ளும் உருளை முழுக்கக் கறுப்பாக அப்பிக் கிடந்தது. தண்ணீரைப் பீச்சியடித்தான். பையிலிருந்து வழிந்து கீழே வாளியில் கறுப்புத் தண்ணீர் நிறைந்தது. அம்மா வந்து வாளியைப் பார்த்தாள்.

"நான் இதைக் கழுவினதே இல்லம்மா. அட்டையில இருக்கறதெல்லாம் பொய்."

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்த மனுஷன்டா. டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவாரு. உன் மூஞ்சி தெரியாதா?"

"அப்போ டாக்டர்கிட்ட ஏன்மா அப்படி..."

"வெளி ஆள் முன்னாடி உன்னை விட்டுக்கொடுப்பாரா?"

ஏணியிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். சித்தப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். அழுது ஓய்ந்த பிறகு, உருளை வெள்ளையாகத் தெரியும்வரை கழுவித் துடைத்தான். மூடியை மாட்டினான். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் இன்றைய தேதியை எழுதினான்.

அம்மா சுவிட்சைப் போட்டாள். அவன் இறங்கி வந்து துண்டை எடுத்தான். சுத்தமான காற்று இறங்கி வந்தது. அப்பாவின் மீசை முடிகள் லேசாக அசைந்தன.

அம்மா போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"ரொம்ப சில்லுனு வைக்காதடா. அவருக்கு ஆகாது."

மகன் ரிமோட்டை எடுத்து இரண்டு டிகிரி ஏற்றி வைத்தான்.